திரும்பப் பெற்ற சாட்சி

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய ஆயரம்மா அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் மருத்துவர் வேதசிரோமணி அவர்களே, பொழிச்சலூர் சபையின் பெரியோர்களே, பம்மலிலிருந்து பஸ் பிடித்துப் பாடுபட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பியூலாவின் ஸ்தோத்திரம்.

என்ன தபீதாள் அக்கா, பின்னால் கேட்கவில்லையா? சத்தமாகவே சொல்கிறேன். மெல்லப் பேசி மறைத்ததெல்லாம் போதும்.

என் கணவர் அசரியா, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். தொண்ணூற்றைந்தில், முப்பத்தெட்டு வயதில், அவருக்குச் சர்க்கரை என்றார்கள். மாத்திரையில் இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்தேன். "என் வீட்டுக்காரருக்கு ஊசி இல்லாமலே கர்த்தர் சுகம் கொடுத்தார். இனியும் ஊசி அவரைத் தொடாது" என்று சாட்சி சொன்னேன். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். நன்றி சொல்ல எழுந்தவள், நாளைக்கும் நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்!

அப்புறம்? வெல்லத்தை விட்டார், வாழைப்பழத்தை விட்டார், கிறிஸ்துமஸ் கேக்கையும் விட்டார். சர்க்கரை மட்டும் அவரை விடவில்லை. என் நோட்டில் இருக்கிறது: ஜனவரியில் அறுபத்திரண்டு கிலோ, ஆகஸ்டில் ஐம்பத்து நான்கு.

மேடையில் இருக்கும் இதே டாக்டர்தான் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார். "ஏம்மா, கிருமியோட சண்டை போட வேண்டிய உடம்பு, இன்சுலின் சுரக்கிற அணுக்களையே அழிக்குது. குழந்தைங்களுக்கு வேகமா வரும், இவருக்கு மெதுவா வருது. கொஞ்சம் அணுக்கள் மிச்சம் இருக்கிறப்பவே இன்சுலின் ஊசி ஆரம்பிச்சா, அதுங்களுக்குப் பாரம் குறையும். இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்னு நம்புறோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "ஊசியை எடுத்து உள்ள வை" என்றார்.

"ஏங்க, டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"நீ சொன்னது ஊரு காதுல விழுந்திருக்கே! இப்ப ஊசி போட்டா, பியூலா பொய் சொன்னாள்னு பேச மாட்டாங்க? நான் இப்படியே இருந்துட்டுப் போறேன், விடு."

தாய்மார்களே, என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் மெலிந்துகொண்டிருந்தார்! அதற்கு மேலும் நான் உட்கார்ந்திருக்கலாமா? சபையில் சொன்னதைச் சபையில்தானே திருத்த வேண்டும்? அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எழுந்தேன். "நான் சொன்ன சாட்சியில் பாதி கர்த்தருடைய கிருபை, மீதி என் பெருமை. அந்தப் பெருமையைத் திரும்பப் பெறுகிறேன். நாளைக்கு அவருக்கு ஊசி. ஜெபம் பண்ணுங்கள்" என்றேன்.

அப்போது இதே தபீதாள் அக்கா எழுந்தார்கள். "அதுக்கு இன்னாத்துக்குமா அழுவுற? எங்க மாமியாருக்கு நாலு வருசமா நான்தான் ஊசி குத்திகினு கீறேன். வெளிய சொல்லல, அவ்ளோதான்!"

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் இவர் மனம் இளகியது. மறுநாள் காலை அவரே வயிற்றைக் காட்டினார்.

ஊசி தண்டனையா? ஊசி தோல்வியா? ஊசி விசுவாசக் குறைவா? இல்லை, இல்லவே இல்லை! எல்லாம் போன பின்பு ஓடிவந்து போடுவதா? இருக்கும்போதே இருப்பதைக் காப்பதா? உங்கள் வீட்டிலும் மாத்திரைக்கு மசியாமல் ஒருவர் மெலிந்தால், தயவுசெய்து டாக்டரிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் கேட்காதீர்கள்.

நோய் தீர்ந்தது என்று இனி நான் சொல்ல மாட்டேன். அவர் எடை இப்போது ஐம்பத்தொன்பது. அவ்வளவுதான் என் சாட்சி.

அதோ, மூன்றாம் வரிசையில் அவர் எழுந்துவிட்டார். அரைமணியில் விருந்து, அதற்கு முன் ஊசி. முன்பெல்லாம் மறைவிடம் தேடுவார். இன்று உங்கள் நடுவிலேயே சட்டையை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார். போட வேண்டியவள் மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கலாமா? பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இதோ, இறங்குகிறேன். ஸ்தோத்திரம்!