தொடக் கூடாத விளக்கு

இந்தக் காலத்தில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டுச் செய்வதில்லை, இன்ஸ்பெக்டர் சார். செல்போனைக் கேட்கிறார்கள். பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறவனைக் கேட்பதில்லை.

கீரனூரில் எங்கள் அப்பன் காலத்துத் தோட்டத்தையும் வீட்டையும் தம்பி மகன் பிரபு மியூசியம் ஆக்கினான். என்னைக் கேட்கவில்லை. மாட்டுக்குப் புது மணி, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கம்பங்கூழ். உழவு உண்டு, விளைச்சல் வேண்டாம். நான் படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, 'உட்காராதீர்கள்' என்று போர்டு வைத்தான். எனக்குப் பின்பக்கம் ஃபேன் போட்ட அறை கொடுத்தான். நல்ல அறைதான், குறை சொல்ல மாட்டேன்.

"பெரியப்பா, வர்றவங்களுக்கு நீங்களும் ஒரு பழைய சாமானுங்க. கூழைச் செத்த மெதுவாக் குடிங்க, போட்டோ எடுக்கோணும்" என்பான். கூட்டம் சிரிக்கும். கெட்ட பையன் இல்லை.

களத்தில் தரைக்கடியில் எங்கள் சோளக்குழி இருக்கிறது. வாய் ஓர் ஆள் இறங்கும் அளவு, உள்ளே அறை மாதிரி அகலம். தையில் சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடினான். ஆடியில் எல்லார் முன்னாலும் திறந்து, உள்ளே இறங்கி அள்ளிக் காட்டுவதாக ஏற்பாடு. மூடிக் கிடந்த குழியில் கெட்ட காற்று நிற்கும். கல்லைத் தள்ளி ஒரு நாள் ஆறவிட்டு, லாந்தர் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது.

எங்கள் லாந்தர் முன்கூடத்தில் தொங்கியது. அதற்கும் 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். போர்டு வைத்த பொருளை எடுப்பது தப்பில்லையா?

அன்றைக்கு, பஸ் வருவதற்குள் ஒருதரம் இறங்கிப் பழகிக்கொள்கிறேன் என்று கல்லைத் தள்ளினான். நாங்கள் இருவர்தான். நான் அவனைத் தள்ளவில்லை. அவனாகத்தான் இறங்கினான். "பெரி..." என்று பாதிதான் கேட்டது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். இரண்டு மாடும் வயிறு நிறையக் குடித்து முடித்த பிறகு ஆளைக் கூப்பிட்டேன்.

அவன் சம்சாரம் தமிழ்மதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா மாமா? அவரு யாரைத்தான் கேட்டாரு?" ஆமாம் சாமி என்றேன். இன்றுவரை என் வயிறு காயக் கூடாது என்று அவளே தட்டில் போட்டுக் கொண்டுவருகிறாள். அதுதான் தொண்டையில் இறங்கவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

விபத்து என்று முடித்தாயிற்று, வயசானவர் மனசு கலங்கிப் பேசுகிறீர், போய்ப் படும் என்கிறீர்கள். போகிறேன். ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவன் கேட்டான், சார். குழி வாயில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "இறங்கலாமுங்களா பெரியப்பா?"

"இறங்கு சாமி" என்றேன்.

இதற்கும் நீங்கள் பேனாவைத் தொடவில்லை. விபத்தாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாரேனுங்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.