ஒரு முழுச் சுற்று

எனக்குக் கடைசியாகச் சளி பிடித்தது 1946-இல். அதன் பிறகு ஒரு தும்மல்கூடக் கிடையாது. விசாரணைக் குழு முதலில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம், 1965-இல், என் வார்டுக்கு சேதுபதி வந்தான். சிராங்கூன் சாலையில் கடிகாரம் பழுதுபார்ப்பவன். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பட்டாணி அளவுக்கு உப்பி, ஒருமுறை கசிந்தும் விட்டது. மறுபடி கசிந்தால் பிழைக்க மாட்டான். மண்டையைத் திறக்க அவசரப்படுவது என் வழக்கமில்லை. கழுத்தின் இடப்பக்க ரத்தக்குழாயில் ஒரு சின்னக் கிளாம்பை மாட்டுவேன். அதன் திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் கால் சுற்று இறுக்கினால் ரத்தத்தின் வேகம் தணியும், உப்பலும் அடங்கும். இறுக்கியதும் நோயாளியைப் பேச வைக்க வேண்டும். நாக்கு குழறினால் உடனே தளர்த்திவிட வேண்டும். பேச்சு குடியிருப்பது மூளையின் அந்தப் பக்கம்தான்.

சேதுபதியைப் பேச வைப்பதில் சிரமமே இருக்கவில்லை. நிறுத்துவதுதான் சிரமம். மூன்றாம் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு.

"டேய் சளிமூக்கா, மெதுவா திருகுடா. நானும் திருகாணி பிடிக்கிறவன்தான் லா."

தாதி மைமூன் வாயைப் பொத்திக்கொண்டாள். எடின்பரோ வரை போய் நான் வாங்கிய பட்டங்கள் அத்தனையும் ஒரு நொடியில் மூக்கு வழியாக ஒழுகிப் போயின. மதியத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குக் கோபமில்லை. அவமானம்தான், அதுவும் கொஞ்சம்.

ஐந்தாம் நாள், எடின்பரோவில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் என் வார்டைப் பார்க்க வருவதாக இருந்தது.

"உன் வாத்தியார் வர்றாராமே? நீ என் சட்டையில மூக்கைத் தொடச்ச கதையை இங்கிலீஷ்லயே சொல்றேன் லா," என்றான் சேதுபதி. பிரியமாகத்தான் சொன்னான். அது எனக்கும் தெரியும்.

அன்று காலை ஒரு முழுச் சுற்று இறுக்கினேன். "பெயரைச் சொல்," என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். உடனே தளர்த்தியிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். பேராசிரியர் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. வந்தவரிடம், தூக்க மருந்து கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போன பிறகுதான் தளர்த்தினேன்.

உப்பல் அடங்கிவிட்டது. சிகிச்சை வெற்றி என்று எழுதினேன், அதில் பொய் இல்லை. பேச்சுதான் திரும்பவில்லை. பத்து நாள் கழித்து அவன் மனைவி சந்திரமதி என் அறைக்கு ஓடி வந்தாள்.

"டாக்டர், அவரு பேசிட்டாரு! ஒரே ஒரு வார்த்தை!"

அவனுக்கு மிஞ்சியதும் அந்த ஒன்றுதான். தண்ணீர் கேட்கவும் சளிமூக்கா, சந்திரமதியைக் கூப்பிடவும் சளிமூக்கா, அழும்போதும் அதேதான். நான் வார்டுக்குள் நுழையும்போது மட்டும் அது சரியாகப் பொருந்திவிடுகிறது.

வேண்டுமென்றே இறுக்கினேன். தெரிந்தே விட்டுவைத்தேன். ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பு எழுதும்போது, அவன் சொல்வது மருத்துவ ரீதியாக உண்மையல்ல என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.