அர்த்தம் சொல்லும் உரிமை

ஃபேன் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. காற்று பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிரசங்கம் செய்து பிழைக்கிறவனுக்குத் தொண்டைதானே முதல்.

எங்கள் சபையில் வசனத்துக்கு அர்த்தம் சொல்வது போதகரான என் பொறுப்பு. அதற்காகப் படித்தேன், மூப்பர்கள் என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். ஆளாளுக்கு அர்த்தம் சொன்னால் சபை சந்தைக்கடையாகிவிடும். என் ஒரே மகளை மடியில் வைத்து வேதம் வாசிக்கப் பழக்கியவனும் நான்தான். வேதத்தில் வரும் நேபுகாத்நேச்சார் ராஜாவின் பேர் வாயில் நுழையாமல் 'நேபுகா மாமா' என்பாள். நான் சிரித்துவிடுவேன்.

கல்யாணமாகிப் போனவள் ஒருநாள் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். புருஷன் அடித்ததாகச் சொன்னாள். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை உதடு கிழிந்து வந்தாள். வேதத்தைத் திறந்து, நான் வாசிப்பை நிறுத்தியிருந்த இடத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"புருஷனும் பொண்டாட்டியைத் தன் உடம்பு மாதிரி நேசிக்கணும்னு இருக்கேப்பா. இதை ஏன் வாசிக்க மாட்டேங்கிறீங்க?"

"அர்த்தம் சொல்ல என்னைத்தான் வச்சிருக்காங்க. உன்னை இல்ல."

"எனக்கு வாசிக்கக் கத்துக் குடுத்ததே நீங்கதானேப்பா."

அவள் திரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்க்கும் நர்ஸின் அறையில் தங்கினாள். அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அந்தப் பகுதியை முழுவதும் வாசித்து விளக்கினாள். மறுவாரம் நான் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, தையல்காரர் மனைவி பக்கத்தைப் புரட்டி நான் சொல்வது சரிதானா என்று பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. சபையைப் பற்றிய கவலைதான்.

மருமகனை நான்தான் போனில் கூப்பிட்டேன். குடித்திருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது. அறை இருக்கும் தெருவைச் சொன்னேன். அந்த நர்ஸ் எப்போது வேலைக்குக் கிளம்புவாள், மகள் எப்போது தனியாக இருப்பாள் என்பதையும் சொன்னேன்.

"இன்னைக்கு முடிச்சிடறேன் மாமா" என்றான்.

சண்டையை முடிப்பான் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

சவப்பெட்டியை மூடுமுன் மகளின் நெற்றியைத் தொடப் போனேன். என் மனைவி கையைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நானும் அதைச் சாப்பிடுவதில்லை.

என் மகள் பிடிவாதக்காரி. ஆனால் அறிவுள்ள பிள்ளை, ஐயா. உயிரோடு இருந்திருந்தால், நான் சொன்ன அர்த்தம்தான் சரி என்று இந்நேரம் ஒத்துக்கொண்டிருப்பாள்.