மூணு பட்டையும் நாலு கதவும்

— இருங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. கடற்படையில எட்டு வருஷம். தோள்ல மூணு பட்டை. அதை வெச்சுக்கிட்டு மரீன் படைக்கு மாறணும்ங்கறீங்க. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா, பெட்டி ஆபீசர் லெயோட்டா?

— பக்கத்து டோனட் கடையில ரெண்டு காபி குடிச்சாச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, ஸ்டாஃப் சார்ஜெண்ட் ப்ரூசார்ட். இங்க வந்தா என் ரேங்க் என்ன ஆகும்?

— பாருங்க, பொய் சொல்லி ஆள் பிடிக்கிறவன் இல்ல நான். மூணும் போயிடும்னு வெச்சுக்கங்க. மேலிடத்துல பேசி, காலைப் பிடிச்சு ஒண்ணைக் காப்பாத்தித் தரலாம். அதுவும் நிச்சயம் இல்ல.

— பயிற்சி?

— பாருங்க, அது முதல்ல இருந்து. பதினெட்டு வயசுப் பிள்ளைங்களோட வரிசையில நிக்கணும். உங்களைவிடச் சின்னப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா நின்னு கத்துவா. 'நான்'னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. 'இந்தப் புது ஆளுக்குத் தண்ணி வேணும்'னுதான் கேக்கணும்.

— கேட்டுட்டாப் போச்சு.

— விமானப்படைக்கு ஆள் எடுக்கற கதவும் இதே வரிசையிலதானே இருக்கு? அங்க ஏசி நல்லா வேலை செய்யும். போனீங்களா?

— போனேன். ஒரு பட்டையை மட்டும் எடுத்துப்பாங்களாம். தரைப்படையில அது கூட இல்ல. இருக்கறபடியே வாங்கன்னாங்க.

— இருக்கறபடியேவா? பயிற்சி?

— கிடையாது. திங்கக்கிழமையே சட்டையை மாத்திக்கலாமாம்.

— அம்மாடி! அப்புறம் அங்க கையெழுத்துப் போடாம இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?

— நல்லாக் கேளு ப்ரூசார்ட்! அதைக் கேக்கத்தான் நானும் ஓடி வந்தேன்.

— கிம்ப்ரோ, இது மரீன் ஆபீஸ். உன் தரைப்படை ஆபீஸ் அடுத்த கதவு.

— தெரியும்டா. என் கதவு வழியா வெளிய போன ஆளைத் தேடித்தான் வந்தேன். தங்கச்சி, டோனட் வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே, நியாயமா? டேய், இவங்களுக்கு என்ன குடுக்கறேன்னு சொன்னே?

— ஒண்ணும் குடுக்கலப்பா. இருக்கறதைப் பிடுங்கிப்போம்னு சொன்னேன்.

— பிடுங்கறேன்னா உக்காந்திருக்காங்க, குடுக்கறேன்னா ஓடிப்போறாங்க! எனக்கு மண்டை வெடிச்சிடும் போலிருக்கு. தங்கச்சி, உங்க அப்பா மரீனா?

— அப்பா கார்சன்ல டயர் கடை வெச்சிருக்கார், சார்ஜெண்ட் கிம்ப்ரோ.

— அப்ப காதலன் மரீன்!

— கிம்ப்ரோ!

— கேட்டாத் தப்பாடா?

— காதலனும் இல்ல, ஒரு பூனைகூட இல்ல. ரெண்டு பேரும் என் கையைப் பாருங்க. என்ன தெரியுது?

— சுத்தமா இருக்கு. நகம் கூட அழகா வெட்டியிருக்கீங்க.

— அதான் என் கஷ்டம். நான் ஹெலிகாப்டர் மெக்கானிக். மூணு வருஷமா இந்த நகத்துல கிரீஸ் ஒட்டல. மூணாவது பட்டை வந்த அன்னைக்கு ஸ்பேனரை வாங்கிட்டு ரேடியோவைக் கையில குடுத்தாங்க. யாருக்கு லீவு, யாருக்குப் பல்வலி, எவன் தூங்கிட்டு லேட்டா வந்தான், இதான் என் வேலை.

— பாருங்க, மேல போனா எல்லாருக்கும் அப்படித்தான்.

— போன மாசம் ஒரு பொண்ணு ஹெலிகாப்டர் வால் பக்கத்துல ஒரு போல்ட்டோட மல்லுக்கட்டிட்டிருந்தா. பாவமா இருந்துச்சு, நானும் கை வெச்சேன். 'லெயோட்டா, உன் ரேங்குக்கு இது வேலையா?'ன்னு சீஃப் எல்லார் முன்னாடியும் கத்தினார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எனக்கு உருப்படியா வர்றது அந்த ஒரு வேலைதான். நல்லாப் பண்றேன்னு சொல்லியே அதை என்கிட்டருந்து பிடுங்கிட்டாங்க.

— அட! அதனால கதவு கதவா ஏறி இறங்கினது...

— எவன் நிறையப் பட்டையை எடுத்துப்பான்னு கேக்கத்தான். நீங்க எதையும் எடுக்கமாட்டோம்னு சொன்னதும்தான் டோனட்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன், சார்ஜெண்ட் கிம்ப்ரோ. அதே ரேடியோ, சட்டை மட்டும் வேற நிறம்.

— என் பொழப்புல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல, சத்தியமா.

— ஸ்டாஃப் சார்ஜெண்ட், ஒரு பட்டையைக் காப்பாத்த மேலிடத்துல பேசறேன்னீங்களே. தயவு செஞ்சு பேசாதீங்க.

— சம்பளம் அடி வாங்கும் தங்கச்சி.

— தெரியும். சின்ன ரூமுக்கு மாறிட்டேன்.

— சரி, அங்கயும் நல்லா வேலை செஞ்சா மறுபடி தூக்கி மேல உக்கார வெச்சிடுவாங்களே?

— அதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் ஸ்பேனர் என் கையில இருக்கும். எனக்கு அது போதும்.

— ப்ரூசார்ட், ஏன்டா உன் பட்டையையே தடவிட்டிருக்கே? ஆளு தானா வந்து விழுந்திருக்கு, கையெழுத்தை வாங்குடா.

— ஸ்டாஃப் சார்ஜெண்ட்? இந்த மேசை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?

— நாயோட இருந்தேன்.

— நாயா?

— வெடிகுண்டு மோப்பம் பிடிக்கிற நாய். மேபல்னு பேரு. ராத்திரி என் கட்டிலுக்கு அடியிலதான் படுப்பா. இந்தப் பட்டை வந்ததும் கயிறை ஒரு புதுப் பையன்கிட்ட குடுன்னு உத்தரவு. குடுத்தேன். வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பி என்னைப் பாத்துட்டே போனா. எல்லாரும் எனக்குக் கை குடுத்து வாழ்த்து சொல்லிட்டிருந்தாங்க.

— அடப்பாவி! தினமும் ஒண்ணா உக்காந்து டாக்கோ தின்றோம், சொல்லவே இல்லையே?

— நீ எங்க கேட்டே? பெட்டி ஆபீசர், இந்தாங்க பேனா. மேலிடத்துல ஒரு வார்த்தை பேசமாட்டேன். மூணையும் எடுத்துக்கறோம்.

— ரொம்ப நன்றி, ஸ்டாஃப் சார்ஜெண்ட். நிஜமாவே ரொம்ப நன்றி.

— சரி, என் ஆள் போச்சு. நான் என் கடைக்குப் போறேன்.

— கிம்ப்ரோ, போகாதே. உங்க தரைப்படையில ரேங்கை அப்படியேதான் வெச்சுக்கணுமா? கையில ஒரு நாய்க்கயிறு குடுக்கறதுக்கு என்கிட்டருந்து எத்தனை பட்டை கழட்டுவீங்க?