றெக்கை விரியும் சத்தம்

— மாமா, அந்த லிவரை ஒரே இழுப்பா இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பாருங்க, கம்ப்யூட்டர்ல பிளேன் கடல்ல விழுந்துருச்சு.

— இப்பதானே மேல ஏறுச்சு?

— ஏறுச்சு. ஏறுன கையோட நீங்க றெக்கைப் பலகையை மொத்தமா மடக்கிட்டீங்க. அப்புறம் எங்க தூக்கும்? உள்ள இருந்தவங்க எல்லாம் பினாங்குக் கடல்ல மீனுக்குச் சாப்பாடு லா.

— லோரியில குலையைக் கொட்டிட்டா லிவரை ஒரே அமுக்குத்தான்டா, வசந்தா. தொட்டி கீழ வந்துரும். கை அப்படியே பழகிப்போச்சு.

— இது செம்பனைக் குலை ஏத்துற லோரி இல்ல. இந்த லிவர் பக்கத்துல கோடு போட்டிருக்கு பாருங்க. ஒன்னு, அஞ்சு, பதினஞ்சு, முப்பது. ஒரு கோடு நகத்துனா கொஞ்சம் பொறுக்கணும். அப்புறம்தான் அடுத்த கோடு.

— சரி, மறுபடி போடு.

— ரிலேக்ஸ் லா மாமா. ஃபேக்டரியில ஒரு வாரம் நைட் ஷிப்ட் பார்த்துட்டு இன்னைக்குத்தான் லீவு. அக்காவும் நீங்களும் வந்தீங்க, சரி, சோறு தின்னுட்டுப் படுக்கலாம்னு பார்த்தா, வந்ததுல இருந்து இந்த நாற்காலியை விட மாட்டேங்கிறீங்க.

— போடுன்னா போடு. நாளன்னிக்குக் காலையில பிளேன். அதுக்குள்ள எனக்கு எல்லாம் கணக்கா தெரிஞ்சாகணும்.

— போட்டாச்சு. பினாங்கு ரன்வே.

— இப்படி முன்னால பார்க்கிறது வேணாம். பைலட் பார்க்கிறதைப் பார்த்து நான் என்ன பண்ணப் போறேன்? றெக்கைக்கு மேல ஜன்னல் சீட்டு இருக்குமே, அங்கிருந்து காட்டு.

— அன்னைக்கு நீங்க உக்காந்த எடமா?

— அந்த எடந்தான்.

— இந்தாங்க ஜன்னல். பிளேனை நான் ஓட்டுறேன், லிவரை மட்டும் நீங்க பாருங்க. அஞ்சுல வைங்க. சத்தம் கேக்குதா?

— உர்ருன்னு கேக்குது. றெக்கைக்குப் பின்னால பலகை வெளிய வருது. நடுவுல இடுக்குத் தெரியுது.

— பெத்துல், சரியா சொன்னீங்க. இந்த இடுக்கைப் பார்த்துட்டுத்தானே அன்னைக்கு எந்திரிச்சு நின்னீங்க? ‘றெக்கை பிச்சுக்கிட்டுப் போவுது, கதவைத் தொற’ன்னு.

— ம்.

— கிளம்ப இருந்த பிளேனைத் திருப்பிக் கொண்டாந்து, உங்களையும் அக்காவையும் எறக்கி விட்டாங்க. எவனோ அதை வீடியோ எடுத்துப் போட்டான். இன்னைக்கும் செமிலிங் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில உங்களைக் கண்டா கடலை விக்கிறவன்கூட ‘றெக்கை வந்துட்டாரு’ங்கிறான்.

— சொன்னா சொல்லிட்டுப் போறான்.

— நானும் சொல்லியிருக்கேன், வச்சுக்குங்க.

— அது கெடக்கட்டும். அந்த இடுக்கு எதுக்கு? படிச்சவன் மாதிரி சொல்லாத. வெறும் வாயால சொன்னாலே புரியணும்.

— பிளேன் மெதுவா போறப்ப றெக்கை அகலமா இருந்தாத்தான் தூக்கும். அதுக்காகப் பின்பக்கத்தை வெளிய நீட்டிக் கீழ வளைக்கிறாங்க. இடுக்கு வழியா காத்து பூந்து வந்து றெக்கையை ஒட்டிக்கிட்டு ஓடும். அது உடைசல் இல்ல மாமா, வேணும்னே வச்சது.

— உடைசல் இல்ல, வேணும்னே வச்சது. இது நல்லா இருக்கு. இப்ப உர்ருன்னு ஒரு சத்தம் வரும், அது மோட்டார். பின்னால பலகை நீளும், இடுக்குத் தெரியும். உடைசல் இல்ல, வேணும்னே வச்சது.

— யாருகிட்ட பேசுறீங்க?

— எனக்கு நானே சொல்லிக்கிறேன். நீ ஓட்டு.

— ஓடுது... ஏறியாச்சு. சக்கரத்தையும் உள்ள இழுத்தாச்சு. அவசரப்படாதீங்க, வேகம் வரட்டும். இப்ப ஒன்னுக்குக் கொண்டாங்க. பொறுங்க. பொறுங்க. இப்ப முழுசா மடக்குங்க. பார்த்தீங்களா, விழல.

— விழல.

— ஆனா நெஜப் பிளேன்ல மடக்குறப்ப வயிறு லேசா எறங்குற மாதிரி இருக்கும். எஞ்சின் சத்தமும் அந்த நேரத்துலதான் கொறையும். எஞ்சின் நின்னுபோச்சுன்னு நெனைச்சிரக் கூடாது.

— இதை அது வர்றதுக்கு முந்தியே சொல்லிரணும். வந்தப்புறம் சொன்னா காதுல ஏறாது.

— யாரு காதுல?

— மனசுலடா. நீ அடுத்ததைச் சொல்லு. எறங்குறப்ப என்ன?

— எறங்குறப்ப நெறைய நீட்டுவாங்க. பதினஞ்சு, முப்பதுன்னு. சில சீட்டுல இருந்து பார்த்தா இடுக்கு வழியா தரையே தெரியும். சக்கரம் தொட்டதும் றெக்கை மேல பலகையெல்லாம் படக்குன்னு நிமிரும். அது வேகத்தைக் கொறைக்க.

— தொட்டதும் நிமிரும், அது வேகத்தைக் கொறைக்க. கையை நல்லா அழுத்திப் புடிச்சுக்க, ஒன்னும் இல்ல.

— யாரு கையை?

— சீட்டுக் கையைச் சொன்னேன். இன்னொரு தடவை எறக்கு.

— வசந்தா, உனக்கும் மாமாவுக்கும் பால் போடாம தே ஓ கலக்கி வச்சிருக்கேன். அந்த மிஷின் மேல கொட்டிராதீங்க.

— அக்கா, இங்க வந்து பாருங்க. உங்க வீட்டுக்காரரு மிரி வரைக்கும் தானே ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு போலருக்கு.

— நான் எதுக்குடா பார்க்கணும்? நீ அவரைக் கிண்டல் பண்ணாம சொல்லிக்குடு.

— நான் எங்க கிண்டல் பண்ணேன்? மாமாவே கண்டுக்கல, உங்களுக்கு ஏன் கோவம் வருது?

— எனக்குப் புடிக்கல. அவ்வளவுதான்.

— எல்லாம் உங்க மக ஷாமளாவை நெனைச்சுத்தான் அக்கா பேசுறேன். டீச்சர் வேலைன்னு கடல் தாண்டி மிரிக்கு அனுப்பிட்டானுங்க. மூத்தது பொறந்தப்ப அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல பொம்பளைன்னு ஒருத்தரு இல்ல. எனக்குத்தான் வீடியோ கால் போட்டா. ‘அம்மா கெளம்பிட்டாங்களா மாமா’ன்னு கேட்டா. எறக்கி விட்டுட்டாங்கன்னு அவகிட்ட நான் எந்த வாயால சொல்றது?

— அதுக்குத்தானே நானும் இந்தப் பாடு படுறேன்.

— மாமா, கோவிச்சுக்காதீங்க. மனசுல பட்டதைச் சொல்றேன். அடுத்த வாரம் ரெண்டாவது பொறக்கப் போவுது. இந்தத் தடவையும் யாரும் போகலன்னா அவ தாங்க மாட்டா. அதனால அக்கா மட்டும் போயிட்டு வரட்டும். ஏர்போர்ட்டுல நானே கொண்டுபோய் விடுறேன்.

— அது சரிப்படாது.

— ஏன் சரிப்படாது? அன்னைக்கு அக்கா எப்படி உக்காந்திருந்தாங்க. நீங்க அந்தக் கத்துக் கத்துறீங்க, அக்கா வாயே தொறக்கல. அசையக்கூட இல்ல. வீடியோவுலயே தெரியுதே.

— தெரியுது. ஆனா ரெண்டு பேரும்தான் போறோம்.

— திரும்பவும் நீங்க எந்திரிச்சு நின்னா?

— நிக்க மாட்டேன்.

— அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?

— நிக்க வேண்டிய அவசியம் வராது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பதில் வச்சிருக்கேன்.

— பதில் தெரிஞ்சா பயம் போயிருமா மாமா? கடல்ல போட்டுப் போட்டு எடுக்கிறீங்க, லிவரை இன்னும் விட மாட்டேங்கிறீங்க. பேசாம வீட்டுல இருங்க. பயந்தாங்கொள்ளின்னு இன்னொரு வீடியோ வந்தா எனக்குத்தான் அசிங்கம்.

— வசந்தா, போதும்.

— நீ சும்மா இரு பிரேமா. அவன் கேக்குறது ஞாயந்தான். நீ உள்ள போ, நான் முடிச்சுட்டு வர்றேன்.

— நான் எங்கயும் போகல. இந்தக் கதவுக்குப் பின்னால நின்னு நீங்க சொல்றது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— பிரேமா, வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்.

— இருந்தது போதும்ங்க. அன்னைக்கு ஒடம்பு கட்டையா போயி, எப்படியாச்சும் என்னை எறக்கி விடுங்கன்னு உங்க காதுல கெஞ்சுனது நான். எனக்காக நீங்க கத்துனீங்க, ஊரு சிரிச்சதையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்க. இனிமே எனக்குப் பதிலா நீங்க படிக்க வேணாம். எந்திரிங்க, அந்த லிவரை நான் புடிக்கிறேன்.