போன ஆண்டு இதே வாரம்

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. நல்ல மனிதர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலிலிருந்து சொல் என்றீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

குடிநீர் அலுவலகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்ணீர் வரவில்லை, தண்ணீர் நாறுகிறது என்று மக்கள் கைப்பேசியில் தேடுவார்கள். அப்போது எங்கள் பக்கம் எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்று எடுப்பேன். அதைப் போன ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிட்டு இயக்குநரிடம் காட்டுவேன். ஏறியிருந்தால் பச்சை. இறங்கியிருந்தால் சிவப்பு.

போன ஆண்டு குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேடியது. எங்கள் தளத்துக்கு அவ்வளவு பேர் அதற்குமுன் வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். யோசனை என்னுடையது. தண்ணீர் கெட்டால் மக்கள் புகார் கொடுப்பதற்கு முன்பே தேடுவார்கள். தெருப் பெயரையும் சேர்த்தே தட்டுவார்கள். அப்படி ஒரு தெரு தலைகாட்டினால் நான் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பொறியாளரிடம் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் வால்வு என்போம். அவர் என்னை கிராஃபு என்பார்.

"என்ன கிராஃபு, எங்கயாவது நாறுதா?"

"உங்க ரூமைத் தவிர எங்கயும் இல்ல."

"அது வேலை செய்யுற வாசனைப்பா. ஏசியில உக்காந்தா வராது."

இரண்டு முறை இறங்கிச் சொன்னேன். இரண்டு முறையும் அவர் சாப்பாட்டு நேரத்துக்குள் தண்ணீரை நிறுத்திக் கசிவை அடைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் யாரும் தேடவில்லை. திங்கட்கிழமை சிவப்பு.

"போன வருஷம் இதே வாரம் எவ்வளவு?" என்றார் இயக்குநர்.

"அது சீக்கு வந்த வருஷம் சார். அதோட வெச்சுப் பாக்கக் கூடாது. அதுக்கு முந்தின வருஷத்தோட பாத்தா ஏறித்தான் இருக்கோம்."

"முந்தின வருஷத்த யாரு கேட்டா? மேல கேக்குறது போன வருஷம்."

"தண்ணி நல்லா இருக்கு சார். அதான் தேடல."

"தண்ணிய வால்வு பாத்துப்பாரு. நீ உன் எண்ணைப் பாரு. இப்படியே போச்சுன்னா உன் வேலைய வெளியாளுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. என்னால தடுக்க முடியாது, சொல்லிட்டேன்."

வாரம் தவறாமல் இதே பேச்சு. காய்ச்சலில் கிடந்தவனின் உடம்புச் சூட்டை எழுதி வைத்துக்கொண்டு, அவன் எழுந்து நடக்கும்போது சூடு ஏன் குறைந்தது என்று கேட்கிறார்கள். படம் போட்டுக்கூடக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரயில்கேட் தெரு தலைகாட்டியது. "ரயில்கேட் தெரு தண்ணி மஞ்சள்." தட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். எழுந்து படிக்கட்டுவரை போனேன். திரும்பி வந்து, போன ஆண்டின் வரைபடக் கோட்டை இந்த வாரத்துக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். அதுவும் இப்படித்தான் தொடங்கியிருந்தது. முதல்முறையாக இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. அதுவரை ஒப்பிடக் கூடாததை ஒப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி ஒப்பிடலாம். திங்கட்கிழமைவரை விட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. தேடுகிறவர்களுக்கு எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. ஆனால் திறப்பவர்கள் குறைவு. தேடல் முடிவில் பக்கத்தின் தலைப்புக்குக் கீழேயே, "நிறம் மாறிய தண்ணீரைக் குடிக்க வேண்டாம்" என்ற வரி தெரிந்தது. அதைப் படித்துவிட்டுத் திறக்காமலே போய்விடுகிறார்கள். பதில் வாசலிலேயே கிடைத்தால் யார் உள்ளே வருவார்கள்? அந்த வரியை எடுத்துப் பக்கத்தின் அடியில் வைத்தேன். மேலே, "உங்கள் தண்ணீரின் நிறம் மாறியது ஏன்? காரணங்களை அறிய" என்று போட்டேன். அழிக்கவில்லை. இடம் மாற்றினேன். இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் படியில் வால்வு எதிரே வந்தார்.

"என்ன கிராஃபு, எங்கயாவது நாறுதா?"

"உங்க ரூமைத் தவிர எங்கயும் இல்ல."

சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடலாம்.

நாளாக ஆக வார்த்தைகள் மாறின. முதலில் தண்ணி மஞ்சள். பிறகு வாந்தி நிற்கவில்லை. பிறகு பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று தேடினார்கள். அந்தக் கடைசித் தேடல் எங்கள் பக்கத்துக்கு வராது. அதை நான் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை பச்சை. இயக்குநர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா, மனசு வெச்சா முடியுதுல்ல?" அன்று மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வால்வுக்குச் செய்தி வந்தது.

இறந்தவர்கள் நான்கு பேர் என்கிறீர்கள். மூன்று பேரை எனக்குத் தெரியாது. நான்காவது என் அண்ணன் மகள். அண்ணன் வீடு ரயில்கேட் தெருவில்தான். நான் ஊரின் மறுகோடியில் அறை எடுத்திருக்கிறேன், எனக்கு வேறு தொட்டித் தண்ணீர். அண்ணன் வீட்டுக்காவது சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெருவுக்கே சொல்லாததை ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்வது முறையில்லை. எண்களில் நான் கைவைக்கவில்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை. யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபாருங்கள்.

அடுத்த ஆண்டு என் நாற்காலியில் உட்காரப் போகிறவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இந்த வாரத்தோடு ஒப்பிடச் சொல்வார்கள்.

அந்தப் புதன்கிழமை அண்ணியிடமிருந்து எனக்கு வந்த அழைப்பைக் காட்டினீர்கள். ஆமாம், பேசினார். திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தைத் திறந்திருந்தால் பதில் அடியிலேயே இருந்தது. யாரும் திறப்பதில்லை, அதுதான் எங்கள் வேலையில் உள்ள தொல்லை. அவர் கேட்டது இதுதான்.

"தம்பி, தேடினா உங்க ஆபீஸ் பக்கம்தான் முதல்ல வந்துச்சு. நீ இருக்கும்போது அத எதுக்குத் தெறந்து படிக்கணும்னு உனக்கே போட்டேன். தண்ணி லேசா மஞ்சளா இருக்கு. பாப்பா தாகம்னு அழறா, குடுக்கலாமா?"