ஏழாவது நரம்பு

"நீ வூட்டுக்கு வந்தாலும் வராத மாதிரியே இருக்குதுய்யா."

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் தன் கணவரிடம் சொன்னார். கணவரின் முகத்தில் இடது பாதி அசைவில்லாமல் தொங்கியிருந்தது.

"தெனம் உன் எதுர்லதான குந்தினு இருக்கறேன்?"

"இருக்கற. தெருமுனைல உன் விசில் கேக்குதா? அத்த கேட்டுத்தான தோசக்கல்ல அடுப்புல போடுவேன்."

"ரவுடி மாதிரி விசில் அடிக்காதன்னு திட்டுனது நீதான்."

"அப்ப விசில் இருந்திச்சி, திட்டுனேன். டாக்டரு இன்னா சொன்னாரு?"

"மூளைலேர்ந்து பன்னெண்டு ஜோடி நரம்பு வருதாம். மூஞ்சிக்கு ஏழாவதாம். அது சரியாவலாம், ஆவாமலும் போலாம்னாரு. ஒதட்ட குவிச்சி ஊதிப் பழகச் சொன்னாரு."

அந்தப் பன்னிரண்டு நரம்புகளின் பெயர்களையும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்த அறிவாளி நான். இப்போது மூன்றுதான் நினைவுக்கு வந்தன. பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவர் ஊதினார். வெறும் காற்று வந்தது.

"பஸ்ஸுல வேணாம்யா. கண்டக்டர் விசிலுன்னு நெனச்சி டிரைவர் வண்டிய நிறுத்திடுவாரு."

"அவுருக்குக் கேக்கற அளவுக்கு வந்துட்டா நல்லதுதான?"

அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அடி. வண்டி நின்னா நான் பேசிக்கறேன்."

அவர் ஒரு கண் மூடியும் ஒரு கண் மூடாமலும் மறுபடி உதட்டைக் குவித்தார். அவலூர்பேட்டையில் எனக்கு அவசர வேலை இருந்தது. ஆனாலும் பஸ் நடுவழியில் நிற்காதா என்று டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.